காலையில் மட்டும் எழாத கம்ப்யூட்டர்

மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கத் தொடங்கிய வாரத்தில்தான் என் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. அப்போது நாங்கள் அனுமந்தன்பட்டியில் ஒரு மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள், மேலே நானும் என் கணவரும். அவர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவர். விடியும் முன்னே கிளம்பிக் கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறினால், ஆட்களை இறக்கிவிட்டு அங்கேயே கிடந்து, மாலையில் அவர்களோடுதான் திரும்புவார். பகல் முழுக்க மாடியில் நான் ஒருத்திதான்.

என் வேலை புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது. மதுரையில் ஓர் அச்சகத்துக்காகப் பள்ளிக்கூட வழிகாட்டி நூல்களும், சொந்தச் செலவில் கவிதை போடுகிறவர்களின் புத்தகங்களும் செய்துகொடுப்பேன். முந்தின நாள் வந்த திருத்தங்களைப் போட்டு, அச்சகம் திறக்கும் முன் பக்கங்களை அனுப்பிவிட வேண்டும். அதனால் ஆறு மணிக்கெல்லாம் உட்கார்ந்துவிடுவேன்.

அன்று காலை பொத்தானை அழுத்தினேன். பெட்டிக்குள் டிக்கென்று ஒரு சத்தம். உள்ளே இருக்கும் விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன். அந்தச் சத்தம்கூட இல்லை. சுவிட்சை அணைத்துப் போட்டேன். வயரைப் பிடுங்கிச் சொருகினேன். ஏழாவதோ எட்டாவதோ தடவையில் ஒன்றுமே நடக்காதது போல எழுந்தது. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு வருடத்துப் பெட்டி. கொஞ்சம் சோம்பல் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் அழுத்தலிலேயே வந்தது. அதற்கு மறுநாள் அரை மணி நேரம் வரவில்லை. அதுதான் என்னை வதைத்தது. ஒரேயடியாகச் செத்துப்போன இயந்திரத்தை என்ன செய்யலாம் என்று யோசிக்கலாம். இது அப்படி இல்லை. வருமா வராதா என்று தெரியாமலேதான் ஒவ்வொரு காலையும் விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். பக்கத்துப் பலகையைக் கழற்றித் தூசி தட்டினேன். மெமரி அட்டையை எடுத்து அதன் பித்தளைப் பல்லை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினேன். உள்ளே இருக்கும் வட்ட பேட்டரியை மாற்றினேன். யூபிஎஸ்ஸின் பேட்டரி அந்தக் கோடையிலேயே செத்திருந்தது. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வயரை நேராகச் சுவரில் சொருகினேன். மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற டப்பாவை உத்தமபாளையத்துக் கடையில் புதிதாக வாங்கி, கைப்பேசியில் படம் பார்த்துப் பார்த்து நானே மாட்டினேன். இரண்டு நாள் ஒழுங்காக வந்தது. மூன்றாம் நாள் காலையில், தென்னைமரங்கள் எல்லாம் கிழக்கே பார்த்துச் சாய்ந்துகொண்டிருந்த நேரத்தில், அதே டிக், அதே அரைச்சுற்று.

கணவரிடம் சொன்னால் நம்பமாட்டார். மாலையில் வந்து கால் கழுவியதும் நேராகப் போய்ப் பொத்தானைத் தட்டுவார். குதித்துக்கொண்டு எழுந்துவிடும்.

“இந்தா வந்துருச்சுல்ல. நீ அமுக்குற விதத்துல என்னமோ இருக்கு.”

“காலையில வரல. ஏழரை வரைக்கும் போராடுனேன்.”

“அதுக்குக் காலை சாயங்காலம் தெரியுமா? ஓயாம அதையே நெனச்சுக்கிட்டு இருக்க. ரெண்டு நாள் சும்மா விடு.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். போகப்போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் கைதான் சரியில்லையோ என்று, இடது கையால்கூட அழுத்திப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. ஒரு காலை, வயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியின் பின்பக்கம் கைவைத்தேன். புறங்கையில் சுள்ளென்று ஏதோ ஏறியது. எறும்புக்கூட்டம் ஒரே நேரத்தில் கடித்தது மாதிரி. கையை உதறிவிட்டு மறுபடி மெல்லத் தொட்டேன். தகடு முழுக்கப் பொடிப்பொடியாக அதிர்ந்தது. வெறுங்காலோடு தரையில் நின்றிருந்தேன்.

தேனியில் பஜாரை ஒட்டிய சந்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒருவர் இருந்தார். இந்தப் பெட்டியை முதலில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தவரே அவர்தான். போன் போட்டேன்.

“லேசா கடிக்கத்தான்க்கா செய்யும்,” என்றார். “எர்த்து சரியில்லாத வீட்டுல எஸ்எம்பிஎஸ் அப்படித்தான் இருக்கும். ஆளைக் கொல்லாது. காலுக்குக் கீழ ஒரு பலகையப் போட்டுக்கங்க, செருப்புப் போட்டுக்கிட்டு வேலை பாருங்க.”

பழைய கட்டிலின் பலகை ஒன்று கிடந்தது. அதை மேசைக்குக் கீழே போட்டேன். வீட்டுக்குள் போட ரப்பர் செருப்பு ஒன்று வாங்கிக்கொண்டேன். கடிப்பது நின்றுவிட்டது. நின்றதும் அதை மறந்தும் போனேன். இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான். எனக்குக் கடிக்காமல் பார்த்துக்கொண்டேன், அதோடு விட்டுவிட்டேன்.

கீழ்வீட்டம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவர். அவரும் அவர் கணவர் பாயும் மட்டும்தான் கீழே. பாய் சின்னமனூரில் அரிசி வியாபாரம் பார்த்துவிட்டு ஓய்ந்தவர். அந்த அம்மா காலையில் மாடிப்படியின் அடியில் நின்று, “ஏந்தாயி, எந்திரிச்சிட்டியா?” என்று ஒரு குரல் கொடுக்காமல் அடுப்பங்கரைக்குள் போகமாட்டார். முழங்கால் வலிக்காரர். அவருக்காகத்தான் குளியலறையில் சுடுதண்ணீர் ஹீட்டர் மாட்டியிருந்தார்கள். காற்று வீசும் மாதங்களில் சாரல் வேறு அடிக்கும். அந்தக் குளிருக்கு அவருக்குச் சுடுதண்ணீர் இல்லாமல் முடியாது.

ஒருநாள் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தாயி, ஒண்ணு கேக்கேன். ஒனக்கு அந்தக் கொழாய் என்னமும் பண்ணுதா?”

“எந்தக் குழாய்ம்மா?”

“பாத்ரூமுக் கொழாய். தொழுகைக்கு ஒளு செய்யத் தொறந்தா கையி விர்ருங்குது. கடிக்குது தாயி. இவுககிட்டச் சொன்னா, ஒனக்குச் சுகரு, நரம்பு செத்துப்போச்சுங்குறாக. டாக்டரும் அதத்தான் சொல்லி மாத்திரை எழுதிக் குடுத்தாரு.”

அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மாடியில் தனிக் குளியலறை, பிளாஸ்டிக் குழாய்.

“சுகர்னா அப்படித்தாம்மா மரத்துப்போன மாதிரி இருக்கும்,” என்றேன். “மாத்திரையை விடாமப் போடுங்க.”

“மரத்துப்போறது வேற, கடிக்கிறது வேற இல்லையா?” என்றார். பிறகு அவரே, “என்னமோ போ,” என்று சொல்லிவிட்டு ஈரத்துணியை உதறினார்.

அன்று நான் நேரே மாடியேறிப் போய், பலகைமேல் கால்வைத்து உட்கார்ந்து வேலை பார்த்தேன். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னுடையது கம்ப்யூட்டர் கோளாறு, அவருடையது சர்க்கரை. அதற்குப் பிறகு அவர் குழாயைத் தொடுவதைக் கூடியவரை குறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பாயை வைத்து ஒரு பிளாஸ்டிக் டிரம்மை நிரப்பச் சொல்லி, அதிலிருந்து செம்பில் மொண்டு ஒளு செய்தார். அதையும் பாய் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார்.

“கொழாயக் கண்டா பயமாம் தாயி. சின்னப் புள்ள மாதிரி.”

ஆடி பிறந்து காற்று வலுத்தது. எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் காற்றுக்கு ஓய்வே கிடையாது. பகலெல்லாம் ஜன்னல் கதவு தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டே இருக்கும். வாழைக்கு முட்டுக் கொடுக்கத் தோட்டக்காரர்கள் அலைவார்கள். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர் மாடி ஜன்னலுக்கு நேராகத் தொங்கியது. அது ஊஞ்சல் மாதிரி ஆடுவதைப் பார்த்துக்கொண்டேதான் நான் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். நாலு நாள் தொடர்ந்து பக்கங்கள் தாமதமாகப் போனதும், அச்சகத்துக்காரர் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நாசூக்காகச் சொன்னார். அன்றே பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தேனி பஸ் ஏறினேன்.

கடைக்காரர் பெட்டியைத் தன் மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். எழுந்தது. அணைத்து அழுத்தினார். எழுந்தது. இருபது தடவை அழுத்தினார்.

“வச்சிட்டுப் போங்கக்கா. ரெண்டு மூணு நாள் பாக்குறேன்.”

மூன்று நாள் கழித்துப் போனபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஒரு தடவைகூட மக்கர் பண்ணல. காலையில கடை தொறந்ததும் போட்டேன், மத்தியானம் போட்டேன். தட்டிப் பார்த்தேன், சூடு காட்டிப் பார்த்தேன். பெட்டியில ஒண்ணுமில்லக்கா.” கழற்றிய பலகையைப் பெட்டியில் திரும்ப மாட்டினார். “வீட்டுல எந்த நேரத்துல வராம இருக்கு?”

நான் நோட்டைக் காட்டினேன். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வரவில்லை என்று குறித்து வைத்திருந்தேன். கணவரிடம் காட்டுவதற்காக எழுதியது. கடைக்காரர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“எல்லாமே ஆறுக்கும் ஏழரைக்கும் நடுவுல. அந்த நேரத்துல ஃபேன் எப்படி ஓடும்?”

யோசித்துப் பார்த்தேன். காலையில் ஃபேன் இழுத்து இழுத்துத்தான் ஓடும். காற்றடி காலம் என்பதால் அதை யாரும் கவனித்ததில்லை. விளக்கு எல்லாம் எல்இடி. அது குறைந்த மின்சாரத்திலும் எரிந்துகொண்டிருக்கும்.

“அந்த நேரத்துல வீட்டுல பெருசா என்ன ஓடும்?”

“என் வீட்ல ஒண்ணுமில்ல. கீழ ஹீட்டர் போடுவாக.”

அவர் கையில் இருந்த திருப்புளியை மேசைமேல் வைத்தார்.

“பெட்டி கடிக்குதுன்னு சொன்னீங்களே, அதுவும் அந்த நேரத்துலதானா?”

ஆமாம் என்றேன். கடித்த நேரங்களை நான் குறித்து வைக்கவில்லை. ஆனால் கடித்ததெல்லாம் காலையில்தான், பெட்டி எழாமல் நான் வயரை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான்.

“நான் அன்னைக்குச் சொன்னது தப்புக்கா,” என்றார். “நேர்ல பாக்காம பலகையப் போடுங்கன்னு சொல்லியிருக்கக் கூடாது.” மேசை இழுப்பறையைத் திறந்து, பிடியில் சின்ன விளக்கு வைத்த டெஸ்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “பெட்டி வராம இருக்குற நேரத்துல இதோட நுனிய அந்தத் தகட்டுல வச்சு, அதோட தலையில விரலை வைங்க. மங்கலா மினுங்கினா விட்டுருங்க. நல்லா செகப்பா எரிஞ்சா கோளாறு பெட்டியில இல்ல, வீட்டுல. ஒடனே மெயினை எறக்கிட்டு ஒயர்மேனைக் கூப்பிடுங்க. நாளைக்குப் பாக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க.”

அன்று மாலை வீட்டில் பெட்டியை மாட்டி டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. கணவரும் வைத்துப் பார்த்தார். எரியவில்லை.

“பார்த்தியா?” என்றார்.

பாயிடம் சொல்லலாமா என்று படியில் பாதி இறங்கினேன். என்னவென்று சொல்வது? எரியாத டெஸ்டரைக் காட்டி உங்கள் வீட்டில் கோளாறு என்றா? காலையில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். தள்ளிப்போடாதீர்கள் என்று கடைக்காரர் சொல்லி ஐந்து மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

விடிந்ததும் காற்று வீட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டம்மா வழக்கம் போல அடியில் நின்று குரல் கொடுத்தார். நானும் பதில் கொடுத்தேன். ஆறரை இருக்கும், பொத்தானை அழுத்தினேன். டிக். அரைச்சுற்று. டெஸ்டரை எடுக்கத் திரும்பும்போது ஃபேன் நின்றது. விளக்கும் அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். காற்றில் எங்கேயோ கம்பி மேல் தென்னை மட்டை விழுந்திருக்கும்.

கரண்ட் இல்லாத நேரத்தில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஏன் வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எடுத்த கைக்கு வைத்துத்தான் பார்ப்போமே என்றிருக்கலாம். நுனியைத் தகட்டில் வைத்து, தலையில் விரலை வைத்தேன்.

சிவப்பாக எரிந்தது. அறை மங்கலாக இருந்ததால் பிடி முழுக்க வெளிச்சம் பரவித் தெரிந்தது.

மேலே ஃபேன் நின்றுகொண்டிருக்கிறது, விளக்கு அணைந்திருக்கிறது, கையில் டெஸ்டர் எரிகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெருவில் கரண்ட் போகவில்லை. எங்கள் வீட்டில் மட்டும்தான் எல்லாம் நின்றிருக்கிறது. அப்படி நின்ற வீட்டில், பெட்டியின் தகட்டில் மட்டும் மின்சாரம் இருக்கிறது. அப்போதுதான் கீழே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வாளி நிறைந்து வழிகிற சத்தம். யாரும் மூடாமல் அது வழிந்துகொண்டே இருந்தது.

கொழாய் கடிக்குது தாயி.

நான் படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. பாய் குளியலறைக் கதவைக் கையால் தட்டிக்கொண்டு நின்றார். உள்ளே தாழ் போட்டிருந்தது.

“விழுந்துட்டா போலருக்கு தாயி. சத்தம் கேட்டுச்சு. கூப்புட்டா பேச மாட்டேங்குறா.” அவர் தோளைக் கதவில் கொடுத்து முட்டப் போனார்.

“பாய், உள்ள போகாதீக! கொழாயத் தொடாதீக! மெயினு எங்கன இருக்கு?”

“மெயினா? கரண்ட்டுதான் இல்லையே, எதுக்கு மெயினு?”

“இருக்கு பாய்! கரண்ட்டு இருக்கு!”

அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். மெயின் பெட்டி மாடிப்படிக்கு அடியில் இருந்தது. இரும்புப் பெட்டி. அதன்மேல் கைவைக்கப் போனவள் சட்டென்று இழுத்துக்கொண்டேன். மூலையில் ஒட்டடைக் கம்பு சாத்தியிருந்தது, மூங்கில். அதை எடுத்துக் கைப்பிடியில் கொடுத்துக் கீழே அழுத்தினேன். முதலில் வழுக்கியது. இரண்டாம் தடவை முழு உடம்பையும் சாய்த்தேன். டப்பென்று இறங்கியது.

“இப்பப் போங்க.”

கதவு இரண்டு முட்டில் திறந்துகொண்டது. அந்த அம்மா வாளிக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். வலது கை நெஞ்சோடு மடங்கியிருந்தது. பாய் ஓடிப்போய் முதல் காரியமாகக் குழாயைத்தான் மூடினார். நான் பாயின் கையையே பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அந்தக் குழாயைத் தொட்டிருந்தால் அவரைப் பிணமாகத்தான் எடுத்திருப்போம்.

மூச்சு இருந்தது. சேலையைச் சுற்றி, பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். உத்தமபாளையத்தில் பார்த்துவிட்டுத் தேனிக்கு அனுப்பினார்கள். வலது உள்ளங்கையில் குழாயின் திருகு அப்படியே சுட்டுப் பதிந்திருந்தது. முந்தின நாள் பாய் டிரம்மை நிரப்ப மறந்திருக்கிறார். அதனால்தான் அந்த அம்மா குழாயைத் திறக்க வேண்டியதாகியிருக்கிறது. திறந்த கை ஒட்டிக்கொண்டது. தரையில் கிடந்த சோப்பில் கால் வழுக்கிக் கீழே விழுந்ததில்தான் கை பிய்த்துக்கொண்டது. அவரைக் காப்பாற்றியது அந்தச் சோப்பு. மெயினை இறக்கியதால் பிழைத்தவர் பாய். ஊரில் எல்லாரும் நான்தான் அந்த அம்மாவைக் காப்பாற்றினேன் என்று சொன்னார்கள். நான் ஒவ்வொரு தடவையும் திருத்தினேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் உத்தமபாளையத்திலிருந்து ஒயர்மேன் ஒருவர் வந்தார். என் கணவரும் அன்று வண்டி எடுக்காமல் வீட்டில் இருந்தார். கம்பத்து வயர் வீட்டுச் சுவரைச் சேரும் இடத்துக்கு ஒயர்மேன் ஏணி போட்டு ஏறினார். இறங்கும்போது ஒரு முறுக்கு வயரைக் கொண்டுவந்து காட்டினார். கருகி, வெள்ளைப் பொடி பூத்துக் கிடந்தது.

“இது திரும்பிப் போற ஒயரு, நியூட்ரல். மூணு இழையில தொங்கிக்கிட்டு இருந்துருக்கு. காத்துல ஆடும்போதெல்லாம் விட்டு விட்டுப் புடிச்சிருக்கு. நேத்து மொத்தமா விட்டுருச்சு.”

“அதுக்குக் கரண்ட்டு நின்னுதான போகணும்? ஆளை எப்படி அடிக்கும்?” என்று என் கணவர் கேட்டார்.

ஒயர்மேன் மெயின் பக்கத்துப் பெட்டியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு எங்களைக் கிட்டே கூப்பிட்டார். விரல் நீளத்துக்கு ஒரு பச்சை வயர், ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்குப் போயிருந்தது.

“எர்த்தையும் நியூட்ரலையும் முடிச்சுப் போட்டு வச்சிருக்காக. எர்த்து மண்ணுக்கே போகல. திரும்பிப் போற வழி அறுந்துச்சுன்னா, ஹீட்டருக்குள்ள போன கரண்ட்டு இந்தப் பச்சை ஒயரு வழியா வீட்டுல இருக்குற இரும்பு அத்தனையிலயும் வந்து நிக்கும். ஹீட்டர் தகடு, தண்ணிக் கொழாய், மாடியில கம்ப்யூட்டர் பெட்டி, எல்லாத்துலயும். லைட்டு எரியாது. ஆனா தொட்டா ஆள் காலி. இத யாரு போட்டா?”

பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முற்றத்தில் கல் பதித்தபோது எர்த்துக் கம்பியை வெட்டிவிட்டார்களாம். ஹீட்டர் மாட்ட வந்தவன் எர்த்து இல்லாமல் மாட்டமாட்டேன் என்றிருக்கிறான். அதற்கு ஒரு ஒயரிங்காரனைக் கூப்பிட்டிருக்கிறார்.

“குழி தோண்டணும், ரெண்டு நாளாகும்னு நெனச்சேன். அவன் அரை மணி நேரத்துல முடிச்சிட்டான். டெஸ்ட் லைட்டெல்லாம் போட்டு எரிய வச்சுக் காமிச்சான். கெட்டிக்காரப் பயன்னு அவன் நம்பர நாலு பேருக்குக் குடுத்தேன் தாயி.”

என் கணவர் அந்தப் பச்சை வயரைக் கையில் வாங்கிப் பார்த்தார். மாடிக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சாப்பாட்டுத் தட்டில் கைவைத்தபடி, “நீ சொன்னப்ப நான் நம்பியிருக்கணும்,” என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா சொன்னபோது நானும்தான் நம்பவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை முழுக்கக் கட்டு. என்னைப் பார்த்ததும் இடது கையால் பக்கத்தில் இடம் காட்டினார். சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

“அம்மா, எனக்கும் கடிச்சது. கம்ப்யூட்டரத் தொடும்போதெல்லாம். ஒரு மாசத்துக்கு மேல.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஒனக்குமா?”

“ஆமாம்மா. பலகையப் போட்டுக்கிட்டேன்.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரிக்கிற வாசம் வந்தது.

“நான் ஒங்கிட்ட வந்து கேட்டனே தாயி,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “அப்பச் சொல்லியிருந்தீன்னா எனக்குப் பைத்தியம் புடிக்கலன்னு தெரிஞ்சிருக்கும்ல.”

நான் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. இடது கையை என் முதுகில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே எனக்கு அதிகம் என்று பட்டது.

அவருக்கு மோதிர விரலும் சுண்டு விரலும் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. எங்கள் வீட்டில் புதிதாகக் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, எர்த்து இறக்கிவிட்டார்கள். என் பெட்டி அதற்குப் பிறகு ஒருநாள்கூடத் தவறாமல் எழுகிறது. எஸ்எம்பிஎஸ், பேட்டரி எதிலுமே கோளாறு இருந்ததில்லை. கீழே ஹீட்டர் ஓட, காற்றில் அந்த வயர் ஆட, மின்சாரம் போதாத நேரத்தில் அது எழ மறுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒயர்மேன் அன்று போகும் முன், பச்சை வயர் போட்ட ஆள் வேறு எந்த வீட்டிலெல்லாம் வேலை பார்த்தான் என்று கேட்டார். அவன் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். பழைய எண் உபயோகத்தில் இல்லை. அவன் நம்பரைக் கொடுத்த ஆட்களைப் பாய் விரல்விட்டு எண்ணினார். எங்கள் தெருவில் ஒரு வீடு. அங்கே பெட்டியைத் திறந்தால் அதே பச்சைத் துண்டு. அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அன்றே அறுத்தெறிந்தோம். பாயின் தங்கை மகன் வீடு கம்பத்தில். அங்கே எர்த்து ஒழுங்காகவே இருந்தது. பள்ளிவாசல் பக்கத்து மாவு மில்லுக்காரர் அவனைக் கூப்பிடவே இல்லையாம்.

நாலாவது ஆளை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கல்யாணத்துக்காகப் பாய் தேவாரம் போன பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர். புது வீடு கட்டியிருக்கிறேன், ஒயரிங்குக்கு நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று சொன்னாராம். இவர் எண்ணைச் சொல்ல, அவர் கைப்பேசியில் குறித்துக்கொண்டாராம். பெயர் கேட்கவில்லை. எந்த ஊரில் இறங்கினார் என்றும் பாய்க்கு நினைவில்லை.

“கோம்பையில எறங்குனாரா, பண்ணைப்புரத்துலயா... கழுத்துல மஞ்சக் கைக்குட்டை போட்டிருந்தாரு தாயி. அது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு.”

பாய் இரண்டு தடவை அந்த பஸ்ஸில் போய் வந்தார். புது வீடு தெரிகிற இடங்களில் இறங்கி விசாரித்துவிட்டு, மதியம் களைத்துப்போய்த் திரும்பினார். மூன்றாம் தடவை அந்த அம்மா அவரைப் போகவிடவில்லை. புரட்டாசி பிறந்து காற்றும் அடங்கிவிட்டது. அடுத்த ஆனியில் மறுபடி இறங்கும்.